பிட்சர் பட்டியலில் இன்னும் இரண்டு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில், பேன்டசி பேஸ்பால் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாமே கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய நிஜ ஆட்ட எண்களால் புள்ளி சேர்ப்பது) டிராஃப்டில், அதாவது முறைவைத்து ஆட்களை எடுக்கும்போது, பிட்சர்களை, பந்து எறிகிறவர்களை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு கட்டுரை வந்தது. இதைத் தமிழில் எழுத ஒரு பத்திரிகை முன்வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் சொன்ன யோசனை தவறு. போன வருஷம் யாருக்கு அதிக வெற்றி, யாருக்கு ஈ.ஆர்.ஏ. (ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு, பிட்சர் கொடுக்கும் ரன்) குறைவு என்று பார்த்து மேலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டே வாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கீழே போட்ட பட்டியலிலும் வெற்றி, தோல்வி, ஈ.ஆர்.ஏ. என்று மூன்றே கட்டம். அதை நம்பி இங்கே ஒரு பையன் தன் அணியையே அமைத்துவிட்டான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இங்கே ஒரு மசாலாக் கடையில் கணக்கு எழுதுகிறேன், காரைக்குடிப் பக்கமிருந்து வந்து பதினாறு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 1860-ல் தொடங்கி கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள், ஐந்தாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை, வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டி இரண்டு வரி வாசித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தைக் கடை பிரின்டரில் அச்செடுத்துக் கொடுத்தால் முழுவதும் வாசிக்கிறார்கள், தெரியாத சொல்லுக்கு என்னிடம் எழுந்துவந்து அர்த்தம் கேட்கிறார்கள். எனவே நீங்கள் அந்தப் பக்கத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

எங்கள் லீக்கில் பத்துப் பேர். வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர், இரண்டு அப்பாக்கள், ஒரு சித்தப்பா, கடை முதலாளி, நான். பணம் வைப்பது கிடையாது. கடைசி இடத்துக்கு வருகிறவர் மற்ற ஒன்பது பேருக்கும் மட்டன் பன்னி சோ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு வரும், அதனால் யாரும் நேரில் பார்ப்பதில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை எண்ணைப் பார்ப்பது.

டிராஃப்ட் எங்கள் வீட்டு அடுக்களை மேசையில் நடந்தது. நான் சொல்லும் பையனுக்குப் பதின்மூன்று வயது. உங்கள் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். விரித்தபோது பார்த்தேன், வெற்றிக் கட்டத்தில் பதினைந்துக்கு மேல் இருந்த ஒவ்வொரு எண்ணையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். அவன் முறை வந்தபோது பால் ஸ்கீன்ஸ் இன்னும் எடுபடாமல் இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது, எதிரணிக்காரன். அவன் பட்டியலில் விரலை ஓட்டி ஸ்கீன்ஸ் பெயரில் நிறுத்தி, அப்புறம் கீழே இறங்கிவிட்டான். "பத்து ஜெயிச்சு பத்து தோத்தவர் வேண்டாம் சார்" என்றான். அடுத்த ஆள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஸ்கீன்ஸை எடுத்துக்கொண்டார்.

2025-ல் ஸ்கீன்ஸின் கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி என்பது உண்மைதான். அதே வருஷம் அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.97, ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே மட்டை பிடிப்பவரை அவுட் ஆக்குவது) 216, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்குத்தான். அவர் ஆடும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அந்த வருஷம் 71 ஆட்டம் வென்று 91 தோற்ற அணி. இவர் எதிரணியை ஒரு ரன்னில் நிறுத்தினாலும் இவருடைய ஆட்கள் மட்டையை எடுத்துப் போய் சும்மா திரும்பினால் வெற்றி எங்கிருந்து வரும்? 2022-லிருந்து இரண்டு லீக்கிலும் பிட்சர் மட்டை பிடிப்பதே இல்லை, ஓட்டானி ஒருவர் விதிவிலக்கு. தொடக்க பிட்சருக்கு வெற்றி எழுதப்பட அவர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் போட்டிருக்க வேண்டும், அவர் இறங்கும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அவருக்குப் பின் வருகிறவர்கள் அந்த முன்னிலையைக் கடைசி வரை காப்பாற்றவும் வேண்டும். இதில் எத்தனை அவர் கையில் இருக்கிறது?

இது ஸ்கீன்ஸுக்கு மட்டும் நடந்தது இல்லை. 2010-ல் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வென்று 12 தோற்றார், ஈ.ஆர்.ஏ. 2.27. 2018-ல் ஜேக்கப் டிகிராம் 10 வென்று 9 தோற்றார், ஈ.ஆர்.ஏ. 1.70. இருவருக்கும் சை யங் கிடைத்தது. விருதுக்கு ஓட்டுப் போடுகிற நிருபர்களே வெற்றிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டார்கள், நாம் ஏன் இன்னும் அதை முதல் கட்டத்தில் வைக்க வேண்டும்?

இங்கே டர்பனில் துன்னி என்று ஒரு சீட்டாட்டம் உண்டு, கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே போனாலும் ஒரு மூலையில் நாலு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். நம் ஊர் இருபத்தெட்டு மாதிரிதான். புதிதாக ஆட வருகிறவர் கையில் ராஜாவும் ராணியும் வந்தால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு 3 புள்ளி, ராணிக்கு 2. ஜாக்கிக்குத்தான் 30, ஒன்பதுக்கு 20. பிட்சர் பட்டியலில் வெற்றி என்பது அந்த ராஜா மாதிரி, படம் பெரிது, புள்ளி சின்னது. வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

சரி, வெற்றியை விடுங்கள், ஈ.ஆர்.ஏ. இருக்கிறதே என்பீர்கள். களத்தில் நிற்கிறவர்களின் பிழையால் வந்ததை விட்டுவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு, நம் கிரிக்கெட் பந்துவீச்சு சராசரி போல நியாயமாகத்தான் தெரியும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பிட்சர் எறிந்த பந்தை ஒருவர் அடித்துவிட்டால், அதற்குப் பிறகு அது களத்தில் நிற்கிறவர் கையில் போகிறதா இடைவெளியில் விழுகிறதா என்பது பெரும்பாலும் பிட்சர் கையில் இல்லை. 2001-ல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் இதை எழுதியபோது பலர் நம்பவே இல்லை. அவர் எடுத்துக்காட்டிய பெயர்களில் ஒருவர் பெட்ரோ மார்டினஸ். 1999-ல் அவர் 313 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், ஆனால் ஆடுகளத்துக்குள் அடிக்கப்பட்ட பந்துகளில் வழக்கத்தைவிட அதிகமாக ஹிட் ஆயின, அதாவது அடித்தவர் அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்தார். மறுவருஷம் அதே ஆள், அதே கை, அப்படி அடிக்கப்பட்ட பந்துகளில் ஹிட் ஆனது மிகக் குறைவு. ஒரே வருஷத்தில் அவர் அதைக் கற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியுமா? பொதுவாக அப்படி அடிபடும் நூறு பந்தில் முப்பதை ஒட்டி ஹிட் ஆகும். ஒருவருக்கு ஒரு வருஷம் இருபத்தைந்துதான் ஆகியிருந்தால் அவருடைய ஈ.ஆர்.ஏ. அழகாக இருக்கும், அடுத்த வருஷமும் அப்படி இருக்கும் என்று நம்பி எடுத்தவர் ஏமாறுவார்.

அப்படியென்றால் பிட்சர் கையில் இருப்பது என்ன? முக்கியமாக இரண்டு. ஸ்ட்ரைக் அவுட் எத்தனை, வாக் எத்தனை. ஸ்ட்ரைக் அவுட்டில் பந்து களத்துக்கே போகாது, யாரும் பிடிக்கவும் வேண்டாம். வாக் என்றால் சரியான இடத்தில் பந்து போடாமல் ஒருவரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது, அதற்கும் வேறு யாரும் பொறுப்பில்லை. இந்த இரண்டும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாக மாறுவதில்லை. எதிர்கொண்ட நூறு பேரில் எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார் என்று எடுத்து, அதிலிருந்து நூறு பேரில் எத்தனை பேருக்கு வாக் கொடுத்தார் என்பதைக் கழியுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. சராசரி பிட்சர் நூறில் 22, 23 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி 8 பேருக்கு வாக் கொடுப்பார், கழித்தால் 14, 15 வரும். இருபதைத் தாண்டினால் நல்ல பிட்சர். 2024-ல் டாரிக் ஸ்கூபல் நூறில் முப்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி ஐந்துக்கும் குறைவாகத்தான் வாக் கொடுத்தார், கழித்தால் இருபத்தைந்துக்கு மேல்.

இது என்ன காட்டும் என்பதற்கு ஒரு ஜோடியைச் சொல்கிறேன், வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஜோடி. 2023 நேஷனல் லீக் சை யங் ஓட்டில் முதலிடம் பிளேக் ஸ்னெல், இரண்டாமிடம் லோகன் வெப். உங்கள் பட்டியல் முறைப்படி ஸ்னெல் 14 வெற்றி, 9 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.25. வெப் 11 வெற்றி, 13 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.25. ஒன்பது இன்னிங்ஸுக்கு முழுசாக ஒரு ரன் வித்தியாசம், வெப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்று தோன்றும். இப்போது நான் கேட்கும் இரண்டு கட்டத்தைச் சேருங்கள். ஸ்னெல் 234 ஸ்ட்ரைக் அவுட், 99 வாக். வெப் 194 ஸ்ட்ரைக் அவுட், 31 வாக். எதிர்கொண்ட ஆட்களால் வகுத்துக் கழித்தால் ஸ்னெலுக்கு சுமார் 18, வெப்புக்கு சுமார் 19. அந்த ஒரு ரன் வித்தியாசம் எங்கே போனது? லீக்கிலேயே அதிக வாக் கொடுத்தவர் ஸ்னெல்தான், பேஸ் நிறைய ஆட்களை ஏற்றிவிட்டு ரன் விடாமல் தப்பித்துக்கொண்டே இருந்தார். அதற்கு மன உறுதி வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது வருஷா வருஷம் நடக்காது. மேலும் வெப் 216 இன்னிங்ஸ் போட்டார், ஸ்னெல் 180.

மறுவருஷம் இருவரும் ஒரே அணியில், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ். ஸ்னெல் சீசன் தொடங்கும் நேரத்தில்தான் ஒப்பந்தம் போட்டார், நடுவில் காயமும் பட்டது, முதல் ஆறு ஆட்டத்தில் ஈ.ஆர்.ஏ. 9.51. ஆகஸ்ட் 2 அன்று ஒரு ஹிட் கூட கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார், வருஷக் கடைசியில் கணக்கு 3.12 என்று கௌரவமாகவே நின்றது, ஆனால் மொத்தம் 104 இன்னிங்ஸ்தான். ஜூன் மாதம் வரை அவரை வைத்துக்கொண்டு எங்கள் சித்தப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். வெப் எப்போதும்போல 204 இன்னிங்ஸ் போட்டார். அந்த வருஷம் இரண்டு லீக்கிலும் சேர்த்து 200 இன்னிங்ஸை எட்டியவர்களே நான்கு பேர்தான். கட்டுரையில் இன்னிங்ஸ் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதலாளி மிளகாய் வற்றல் மூட்டை வாங்கும்போது மேலே கிடக்கும் சிவப்பைப் பார்க்கவே மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்ப்பார். பிட்சர் விஷயத்தில் நான் கேட்பதும் அந்த அடிப்பிடியைத்தான்.

இந்தக் கழித்தல் கணக்கு எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லமாட்டேன். 2023-ல் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 281 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், 20 வெற்றி, கழித்துப் பார்த்தால் முப்பதைத் தொடும் அளவு. 2024 டிராஃப்டில் என் முதல் பிட்சர் அவர்தான். இரண்டே ஆட்டம். ஏப்ரலில் முழங்கை போய்விட்டது, அறுவை சிகிச்சை, அந்த வருஷம் முடிந்தது. காலையில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் அன்றைய கணக்கையே இரண்டு முறை தவறாக எழுதினேன். பிட்சரின் முழங்கை எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முழங்கைத் தசைநாரை மாற்றி அறுவை சிகிச்சை செய்தார், அவர் 1976-ல் திரும்பிவந்து அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டம் வென்றார். இன்றைக்கும் அந்தச் சிகிச்சை செய்தால் திரும்பிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே முதல் மூன்று சுற்றில் ஒரு பிட்சருக்கு மேல் எடுக்காதீர்கள், அந்த ஒருவரும் இன்னிங்ஸ் நிறையப் போடுகிறவராக இருக்கட்டும், மற்றவர்களை ஏழாம் எட்டாம் சுற்றுக்குப் பிறகு, ஈ.ஆர்.ஏ. அழகாக இல்லாததால் எல்லோரும் தாண்டிப் போனவர்களில், கழித்தல் கணக்கு நன்றாக இருப்பவர்களைப் பார்த்து எடுங்கள். பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

குளோசர்களைப் பற்றியும் கட்டுரையில் சீக்கிரம் எடுங்கள் என்று இருந்தது. முன்னிலையைக் காப்பாற்றிக் கடைசி இன்னிங்ஸை முடிப்பவருக்கு சேவ் எழுதுவார்கள், அது ஒரு பதவி, ஆளைவிடப் பதவிதான் முக்கியம், மேலாளர் நாளைக்கே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். எட்வின் டியாஸ் 2022-ல் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர், அவரைவிடச் சிறந்த குளோசர் அப்போது யாரும் இல்லை. 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோரிக்கோ வென்ற சந்தோஷத்தில் குதித்தபோது முழங்கால் தசைநார் கிழிந்து அந்த வருஷம் முழுவதும் ஆடவில்லை. நாங்கள் அதற்கு ஒரு வாரம் முன்புதான் டிராஃப்டை முடித்திருந்தோம். அன்றிலிருந்து சீசன் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு தவிர வேறு நாளில் வைப்பதில்லை.

இன்னொன்று, மைதானம். இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். என் மனைவியின் அக்கா ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறார். இங்கே நாலு விசிலில் குழையும் பருப்பு அங்கே ஆறு விசில் கேட்கும், காற்று அவ்வளவு லேசு. வாண்டரர்ஸ் மைதானத்தில் பந்து எப்படிப் பறக்கும் என்பது 2006-ல் ஆஸ்திரேலியாவின் 434-ஐத் துரத்தி 438 அடித்த அன்று உலகமே பார்த்தது. அமெரிக்காவில் அதற்குச் சமமான இடம் டென்வர், 1,600 மீட்டர் உயரம், ஜோகன்னஸ்பர்க்கைவிடக் கொஞ்சம் குறைவு. அங்கே கூர்ஸ் ஃபீல்டில் பந்து தூரமும் போகும், வளையவேண்டிய பந்து சரியாக வளையவும் செய்யாது. 2002-லிருந்து பந்துகளை ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து எடுக்கிறார்கள், அப்படியும் அது பிட்சர்களுக்குக் கஷ்டமான இடம்தான். கொலராடோ ராக்கீஸ் பிட்சரின் ஈ.ஆர்.ஏ.வையும் சான் பிரான்சிஸ்கோ பிட்சரின் ஈ.ஆர்.ஏ.வையும் ஒரே வரிசையில் போட்டு ஒப்பிட்டால், டர்பன் பருப்பையும் லெனேசியா பருப்பையும் ஒரே விசிலில் இறக்கிய மாதிரி ஆகும்.

மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களின் ஈ.ஆர்.ஏ.வைக் கண்டுகொள்ளவே வேண்டாம். வேகம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இவ்வளவு எழுதுவதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. இந்த நாட்டுக்கு பேஸ்பால் வெளியூர் ஆட்டம் இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் ராண்ட்பர்க் மெட்ஸ் கிளப்பில் வேலை பார்த்த தாயோடு அந்தக் கிளப் கட்டடத்திலேயே வளர்ந்த கிஃப்ட் என்கோபே, 2017 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்காக இறங்கினார், ஆப்பிரிக்காவில் பிறந்து மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஆள். முதல் முறை மட்டை பிடித்தபோதே ஜான் லெஸ்டர் பந்தில் ஹிட். 2019-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த டெய்லர் ஸ்காட் பிட்சராக வந்தார். உங்கள் பட்டியலில் அவரைப் போன்ற நடு இன்னிங்ஸ் பிட்சர்களுக்கு இடமே இல்லை. ஸ்ட்ரைக் அவுட், வாக் கட்டம் இருந்தால் பிள்ளைகள் அவரைப் போன்றவர்களையும் தேடிப் பார்ப்பார்கள்.

எனவே கேட்பது ஒன்றுதான். ஞாயிறு பட்டியலில் ஸ்ட்ரைக் அவுட், வாக் என்று இரண்டு கட்டம் சேருங்கள். பக்கத்தில் இடம் போதாது என்றால் தோல்விக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். வெற்றி, சேவ், ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ., விப், இந்த ஐந்துக்குத்தான் பெரும்பாலான லீக்குகளில் புள்ளி, தோல்விக்குப் புள்ளியே கிடையாது. விப் என்பது ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை வாக்கிலும் ஹிட்டிலும் பேஸ் ஏற்றினார் என்பது. அதைக் கணக்கிட்டுக் காட்டியவர் டேனியல் ஓக்ரெண்ட், 1980-ல் நியூயார்க்கில் நண்பர்களோடு இந்த விளையாட்டையே தொடங்கிவைத்தவர். அவர் வகுத்த ஒரு கணக்கிலேயே வாக் இருக்கும்போது உங்கள் பட்டியலில் இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பையன் இப்போது எட்டாம் இடத்தில் இருக்கிறான். யாரும் எடுக்காமல் விட்ட பிட்சர்களிலிருந்து வாரம் இரண்டு பேரை மாற்றிக்கொள்ள எங்கள் லீக்கில் அனுமதி உண்டு, சீசனும் இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை உங்கள் பக்கத்தை அச்செடுக்கும்போது அந்த இரண்டு கட்டமும் இருந்தால், அதே சிவப்புப் பேனாவைக் கொடுத்து மறுபடி வட்டம் போடச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
சாட்ஸ்வொர்த், டர்பன்